புகைப்புரையில் ஒரு மந்திரவாதி

காய்ந்திருக்குமா என்று தொட்டுப் பார்த்தேன். காயவில்லை. குள்ளனின் நீல மேலங்கியில் என் கட்டைவிரல் ரேகை, ஆதாருக்குக் கொடுத்ததுபோல் அத்தனை தெளிவாகப் பதிந்துவிட்டது. அன்று காலையில் நான் கெடுத்த இரண்டாவது குள்ளன் இவன். முதலாமவனுக்குத் தாடி போயிற்று.

"தொடாண்டாம்னு நிங்களே சொல்லுதிய, நிங்களே தொடுதிய," என்றாள் மனைவி. சாப்பாட்டு மேஜையின் பாதியை என் பொம்மைகள் பிடித்துக்கொண்டதால், மறுபாதியில் அவள் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"காஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"நெனச்சா காயுமா? வெளிய மழையப் பாத்தியளா?"

மழையை நான் பார்க்காமல் இல்லை. ஒரு வாரமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துப் பார்த்து எனக்கு மழைமேலேயே கோபம் வந்திருந்தது. எழுந்து வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி குள்ளனைக் குனிந்து பார்த்தேன். கால் ஓரிடத்தில் நிற்காது எனக்கு. நிற்காத காலும் ஆடுகிற கையுமாக, நாற்பது கடந்த ஒருவன் சுண்டுவிரல் உயரப் பொம்மைகளுக்குச் சட்டை போட்டுவிட்டுக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நான் பைப் வெல்டர். புதுக்கடைப் பக்கத்திலிருந்து இருபது வயதில் கடல் தாண்டிப் போனவன், பாதி வாழ்க்கையை அங்கே குழாய்களுக்கு நடுவில் குனிந்தே கழித்துவிட்டேன். சென்ற வருடம் கிரைண்டரின் சக்கரம் உடைந்து தெறித்து வலது கட்டைவிரலின் அடியில் இறங்கியது. நரம்பைத் தைத்தார்கள், கட்டுப் போட்டார்கள், ஆறட்டும் என்று ஊருக்கு அனுப்பினார்கள். ஆறியது. கை மூடும், திறக்கும், வாளி தூக்கும், பைக் ஓட்டும். ஆனால் மெல்லிய பொருள் எதையாவது பிடித்தால் நடுங்கும். பேனா பிடித்தால் நடுங்கும். ஸ்பூன் பிடித்தால் நடுங்கும். வெல்டிங் டார்ச் பிடிக்கிற கை அதுதான்.

திரும்பிப் போக வேண்டுமென்றால் ஒரு தேர்வு எழுத வேண்டும். எழுத என்றால் பேனாவால் இல்லை. எர்ணாகுளத்தில் ஒரு கொட்டகையில், சாய்வாக நிறுத்திய குழாயை அசைக்காமல் நாம் அதைச் சுற்றி வளைந்து, நெளிந்து, மேலிருந்தும் கீழிருந்தும் பற்றவைத்து முடிக்க வேண்டும். பிறகு அதை அறுத்து, வளைத்துப் பார்ப்பார்கள். பிளந்தால் போயிற்று. கிறிஸ்துமஸ் முடிந்ததும் தேர்வு என்று சொல்லியிருந்தார்கள். அதில் தேறினால் நான் பழைய ஆள். தேறாவிட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது, வேறு தொழில் நான் கற்றதில்லை.

மார்த்தாண்டத்தில் கைக்குப் பயிற்சி கொடுத்த பெண், ஒரு கிண்ணத்தில் பட்டாணியைக் கொட்டி, கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒவ்வொன்றாக எடுத்து இன்னொரு கிண்ணத்தில் போடச் சொன்னாள். வீட்டில் அதைச் செய்துபார்த்தேன். இரண்டாம் நாள் கிண்ணம் பறந்து போய் அடுக்களைச் சுவரில் மோதியது. மனைவி பட்டாணியைப் பெருக்கி எடுத்து, கழுவி, கூட்டுக்குப் போட்டுவிட்டாள்.

அப்போதுதான் அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது. வெளிநாட்டில், தொழிலாளர் கேம்பில் என் அறையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரன் வெள்ளிக்கிழமைகளில் இந்தப் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுவான். கோடரி ஏந்திய குள்ளர்கள், கொம்பு வைத்த பூதங்கள், ஈட்டிக்காரர்கள், கையில் கோலோடு ஒரு மந்திரவாதி. பூசி முடித்து மேஜையில் அணிவகுத்து நிறுத்தி, பகடை உருட்டி, அவனும் கூட்டாளிகளும் சண்டைக்கு விடுவார்கள். எனக்கு அந்தச் சண்டை ஒருநாளும் பிடிபடவில்லை. வர்ணம் பூசுவதை மட்டும் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்ப்பேன். நான் கிளம்பியபோது பூசாத படை ஒன்றையும், பாதி தீர்ந்த வர்ணக் குப்பிகளையும், இரண்டு தூரிகைகளையும் ஒரு ஷூ பெட்டியில் போட்டுக் கொடுத்தான். "கைக்கு நல்லது, பிரதர்," என்றான். "ஆனா ஸ்லோ."

அந்த 'ஸ்லோ' என்பதுதான் எனக்கு ஆகாதது.

வேலை என்னவோ எனக்குப் பழக்கமானதுதான். வெல்டிங்கில் முதல் ஓட்டம் வேர், அதன்மேல் நிரப்பு, கடைசியில் மேற்பூச்சு. இதிலும் அப்படியே. முதலில் அடிவர்ணம். மேலங்கிக்கு நீலம், தோலுக்குத் தவிட்டு நிறம், கோடரிக்கு ஈயம் என்று அந்தந்த இடத்தைத் தட்டையாக மூடுவது. அது காய்ந்தபின் வாஷ். சாயா டிகாக்ஷன் மாதிரித் தண்ணியாக ஒரு கருஞ்சாயம். அதைத் தூக்கலாகத் தடவினால், மேட்டிலிருந்து வழிந்து மடிப்புகளிலும் பள்ளங்களிலும் போய்த் தங்கும். அதுவரை குழந்தை பூசிய பொம்மைபோல இருந்தது திடீரென்று சுருக்கமும் நிழலும் வயதும் உள்ள ஆளாகிவிடும். அதுவும் நன்றாகக் காய்ந்தபின் மேடுகளில் மட்டும் வெளிர் நிறத்தால் மெல்லிய கீற்றுகள். மூக்கு நுனி, விரல் முட்டு, துணியின் மடிப்போரம். வெளிச்சம் அங்கே விழுகிறது என்று கண்ணை நம்பவைப்பது. எல்லாவற்றுக்கும் கடைசியில் கண்.

ஆனால் இரும்பு யாரையும் காத்திருக்கச் சொல்லாது. இந்தப் பாழாய்ப் போன வாஷ் சொல்லும். ஈரமாக இருக்கும்போது தொட்டால் ரேகை. பாதி காய்ந்தபோது தூரிகை பட்டால், திட்டுத்திட்டாகக் கறை. அடிவர்ணத்தையே உரித்துக்கொண்டு வரும். நான் இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குள்ளனைப் பலி கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

கையின் ஆட்டமும் குறையத்தான் செய்தது. முதலில் பூசிய பூதத்துக்குக் கச்சையின் சிவப்பு தொடை வரைக்கும் ஒழுகியிருந்தது. இப்போது பூசுகிற ஈட்டிக்காரனின் இடுப்புவாரில் கோடு கோட்டுக்குள்ளே நின்றது. அந்தத் தெம்பில் எனக்கு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். மந்திரவாதியைக் கடைசியாகப் பூசுவது. அவன் முகம் ஒரு மிளகின் அளவு. அதில் இரண்டு கண்களையும் இரண்டு புள்ளிகளாக, சரியாமல், சிதறாமல் வைத்துவிட்டேன் என்றால் கை தயார், எர்ணாகுளம் போவது. வைக்க முடியவில்லை என்றால் அங்கே போய் நாலு பேர் முன்னால் மானத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் வீட்டோடு இருப்பது.

இதை மனைவியிடம் சொன்னேன். "மந்திரவாதிட்ட குறி கேக்குதிய," என்றாள். "பாஸ்டர் வரும்போ இவன எடுத்து உள்ள வையுங்க. அந்தக் கொம்பு வச்சவனயும்."

அவ்வளவுதான் சொன்னாள். தேர்வைப் பற்றி அவள் ஒருநாளும் பேசியதில்லை. எங்கள் ஊரில் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியவனிடம், பெட்டியைக் கீழே வைக்குமுன்பே கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எப்பம் திரும்பிப் போறிய?" சாயாக்கடையில் கேட்டார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது கேட்டார்கள். மீன் கொண்டுவரும் பெண், கூடையை இறக்கிய கையோடு கேட்டாள். கேட்காதவள் என் மனைவி மட்டும். கை தேறாது என்று முடிவு கட்டிவிட்டாள், அதனால்தான் கேட்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு வந்தால் எனக்கு மூக்குமேல் கோபம் வரும். எழுந்து விளையைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வருவேன்.

அந்த விளைதான் எங்கள் வீட்டின் பின்புறத் தோட்டம். ரப்பர். மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்க ஆள் வரும். மற்றதெல்லாம் அவள். பாலை வடிகட்டித் தட்டில் ஊற்றி உறையவைப்பாள், உருளையில் கொடுத்து ஷீட்டாக அடிப்பாள், ஓரத்தில் நிற்கிற புகைப்புரையில் கம்புகளில் தொங்கவிட்டுப் புகைப்பாள். பால் வெள்ளையில் உள்ளே போகிற ஷீட், சில நாளில் தேன் நிறத்தில் வெளியே வரும். தேங்காய்த் தொண்டும் சிரட்டையும் ரப்பர் விறகுமாக எவ்வளவு தீ, எவ்வளவு புகை என்பதில் அவளுக்கு ஒரு அளவு உண்டு. நான் வெளிநாட்டில் இருந்த வருடங்களில் அவள் வைத்துக்கொண்ட அளவு. அதில் நான் தலையிட்டதில்லை, அந்த வாரம் வரைக்கும்.

அந்த வாரம் எர்ணாகுளத்திலிருந்து தொலைபேசி வந்தது. தேர்வு முன்கூட்டியே நடக்கிறது, கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே வரவேண்டும் என்றார்கள். என் மேஜையில் பாதிப் படை வாஷோடு ஈரமாக நின்றது. மந்திரவாதியும் அதில் ஒருவன். அவனுக்கு மேலங்கியும் தாடியும் ஆகிவிட்டது, அது காய்ந்தால் கீற்று, கீற்று காய்ந்தால் கண். வெளியே மழை விட்டபாடில்லை. சுவரெல்லாம் வியர்த்திருந்தது. அலமாரியைத் திறந்தால் துணி நாறியது. மகளின் ஹேர் டிரையர் இருந்தது, அவள் கல்லூரி விடுதியில் இருந்தாள், எடுத்துக்கொள்ளத் தடையில்லை. சுவிட்சைப் போட்டேன். கரண்ட் இல்லை. இந்த மழைக்கு எங்கோ மரம் விழுந்திருந்தது.

மனைவி சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். நான் வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அப்போது கண்ணில் பட்டது, பின்புறம் ஓட்டு இடுக்கில் மெல்லப் புகை விடுகிற புகைப்புரை. ஈர ரப்பரையே காயவைக்கிற இடம், இந்த விரல் நீளப் பயல்களைக் காயவைக்காதா?

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. மீன் வாட்டுகிற இரும்புத் தட்டில் படையை நிறுத்தி, குடைபிடித்துக் கொண்டுபோய், ஷீட்டுகளுக்கு நடுவே இரண்டு கம்புகளின் மேல் வசதியாக வைத்தேன். அடியில் தீ மங்கிக் கிடந்தது. இப்படி எரிந்தால் எப்போது காய்வது? நாலு விறகை எடுத்துச் செருகினேன். அது போதாதென்று சிரட்டையும் அள்ளிப் போட்டேன். குப்பென்று பிடித்துக்கொண்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து, நீண்ட நாளுக்குப் பிறகு நிம்மதியாக ஒரு சாயா போட்டுக் குடித்தேன்.

அவள் வரும்போது வாசலுக்கு வரவில்லை. தெருவிலிருந்தே மணம் பிடித்து, வேதப்புத்தகப் பையோடும் குடையோடும் நேரே பின்பக்கம் ஓடினாள். "ஆராக்கும் தீயக் கூட்டுனது?" என்று அங்கிருந்து கத்தினாள். நான் போவதற்குள் கதவைத் திறந்து, எரிகிற விறகை இழுத்து மழையில் போட்டிருந்தாள். ஷீட்டுகளைத் திருப்பிப் பார்த்தாள். நடுக்கம்பில் தொங்கியவற்றில் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியிருந்தது.

"எக்க ஷீட்ட இப்பிடிச் செய்துட்டியளே," என்றாள்.

பிறகு தட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நீல மேலங்கி இல்லை, சிவப்புக் கச்சை இல்லை, ஈயக் கோடரி இல்லை. என் படை முழுக்க ஒரே தேன் நிறம். பொம்மைகள் ரெசின் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக். சூடு பட்டால் மெல்லிய பாகமெல்லாம் தளர்ந்துவிடும். ஈட்டிகள் எல்லாம் தலைகுனிந்து தொங்கின. மந்திரவாதியின் கோல் வளைந்து அவன் மூக்கையே தொட்டுக்கொண்டிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்திலேயே சிரித்தாள். "பாருங்க, எல்லாவனும் தண்ணியடிச்சவன்மாரு மாதிரி நிக்குதானுவ," என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டோடு தூக்கி, விளை ஓரம் ஓடுகிற தோட்டில் எறியப் போனேன். எல்லாம் முடிந்தது, தேர்வுக்குப் போகவில்லை, சனியன் ஒழிந்தது என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கண்ணில் புகையா கண்ணீரா என்று எனக்குத் தெரியாது. மாதக்கணக்காகச் சேர்த்த அத்தனை நாளும் அந்தத் தட்டில் வளைந்து நின்றது.

அவள் தட்டை என் கையிலிருந்து வாங்கி, நனையாமல் முந்தானையால் மூடி, வீட்டுக்குள் கொண்டுபோனாள்.

வெறி அடங்கியபின் படம் எடுத்து அந்த பிலிப்பைன்ஸ்காரனுக்கு அனுப்பினேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். "பிரதர், இந்த பிரவுன் எந்தக் கம்பெனி வாஷ்? எனக்கும் வேணும்," என்று பதில் வந்தது. ரப்பர் புகை என்று சொன்னால் நம்பமாட்டான். ஈட்டி வளைந்ததற்கு வழி எனக்கே தெரியும். அங்கே ஒரு கோடையில் அவன் படையைக் காரில் மறந்துவிட்டு வந்து, கெட்டில் தண்ணீரில் முக்கி முக்கி நிமிர்த்தியதை நான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை மனைவி அடுப்பில் வெந்நீர் போட்டுத் தந்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணம் கிணற்றுத் தண்ணீர். ஈட்டியை வெந்நீரில் முக்கினால் இளகும். இளகியதை நேராக்கி, அந்த நேரிலேயே அசையாமல் பிடித்துக் குளிர்ந்த தண்ணீரில் இறக்க வேண்டும். அசைந்தால் அசைந்த இடத்திலேயே இறுகிவிடும். முதல் இரண்டு ஈட்டிகள் கோணலாக இறுகின. மறுபடி முக்கினேன். மூன்றாவதில் அவசரப்பட வழியில்லாமல் போயிற்று, ஈட்டி இறுகும்வரை நானும் இறுகி நின்றேன். பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது. மந்திரவாதியின் கோலை விட்டபோதுதான் கவனித்தேன், என் கை இவ்வளவு நேரம் ஆடவே இல்லை.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சொன்னால் ஆடிவிடுமோ என்று பயந்தேன்.

தேர்வுக்கு முந்தின நாள் மதியம் மழை கொஞ்சம் வெறித்தது. புகையின் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரில் மெல்லக் கழுவி எடுத்தபின், பள்ளங்களில் தங்கிய தவிட்டு நிறத்தை அப்படியே விட்டுவிட்டேன். அது நன்றாகவே இருந்தது. மந்திரவாதிக்கு மட்டும் மேலங்கியில் நீலத்தை மறுபடி ஏற்றி, மடிப்போரங்களில் வெளிர்நீலக் கீற்று வைத்தேன். அது காயும்வரை கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு, மூச்சைப் பிடித்து, வலது கண்ணை வைத்தேன். மூச்சை விட்டு, மறுபடி பிடித்து, இடது கண்ணை வைத்தேன். முடிந்தது. இரண்டும் நின்றன.

பின்பக்கம் போனேன். அவள் பால் உறையவைக்கிற தட்டுகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு மந்திரவாதியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"எடது கண்ணு சரிஞ்சிருக்கு," என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். சரியவில்லை. இருபது வருடம் ஒரு மயிரிழைச் சரிவைத் தேடியே சம்பாதித்தவன் நான். இரண்டு கண்ணும் ஒரே கோட்டில் நேராக என்னைப் பார்த்தன.

"எங்க?"

"இஞ்சதான். நல்லா பாருங்க. சரிஞ்சிருக்கு."

அதைச் சொல்லும்போது அவள் பொம்மையைப் பார்க்கவில்லை. கழுவிய தட்டையே திரும்பக் கழுவ ஆரம்பித்திருந்தாள். ஊரே கேட்ட கேள்வியை இவள் ஏன் இத்தனை மாதமும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கை தேறாது என்று அவள் நினைக்கவில்லை. தேறிவிடும் என்று பயந்திருக்கிறாள்.

"ஆமா," என்றேன். "கொஞ்சம் சரிஞ்சுதான் இருக்கு."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் பொய் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் சொன்ன பொய் எனக்குத் தெரிந்துவிட்டது என்பதும் தெரிந்தது. குழாயை மூடினாள். புகைப்புரைக்குள் போய், கதவோரக் கம்பிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு வந்தாள். என் வெல்டிங் கையுறைகள். வந்த நாளிலிருந்து பெட்டிக்குள்ளேயே கிடந்தவை.

"பூசணம் புடிச்சுக் கெடந்துது. தீயக் கொறச்சு, பைய காய வச்சேன்," என்றாள். "பாகமா இருக்கான்னு போட்டுப் பாருங்க. நாளைக்கு வெளுப்புக்கு வண்டி வந்துருமில்லியா."

"எப்பம் வச்ச?"

"ஷீட்டு பொங்குனதுக்கு மறுநாளு."

மந்திரவாதியை அவளிடம் கொடுத்துவிட்டு வலது கையுறையைப் போட்டுக்கொண்டேன். தோல் பதமாக இருந்தது. எங்கள் வீட்டுப் புகை மணத்தது. கொள்ளாமா, நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். கொள்ளாம் என்றேன். இரண்டு கண் வைத்தபோதும் அசையாத என் கை உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தது. நல்லவேளை, தோல் கெட்டியானது, அவளுக்குத் தெரிந்திருக்காது.